மலை நல்லா இருக்கு, கொலை சரியில்லை

போன செமஸ்டர் லீவுல கொடைக்கானல் போயிருந்தேன். கேங்கா போய் ரீல்ஸ் எடுக்கிற டிரிப் இல்லைங்க. அம்மாச்சி வீடு வத்தலக்குண்டு. மாமா ஏதோ வேலையா மேல போனார், நானும் தொத்திக்கிட்டேன். அவர் வேலை முடியுற வரைக்கும் ஏரிக்கரையில உட்கார்ந்து படிக்கணும், அதுவும் நம்ம மலையிலேயே நடக்கிற ஒரு போலீஸ் மர்மக் கதையைப் படிக்கணும்னு ஆசை. கொடைக்கானலை வச்சு எழுதினது தேடினேன், எனக்கு எதுவும் சிக்கல. ஊட்டியை வச்சு ஒண்ணு சிக்குச்சு. சரி, அதுவும் தமிழ்நாட்டு மலைதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்.

நாவலோட பேர் 'தி பாடி இன் தி பில்லியர்ட் ரூம்'. 1987-ல வந்தது. எழுதினவர் எச்.ஆர்.எஃப். கீட்டிங், இங்கிலாந்துக்காரர். பம்பாய் சி.ஐ.டி.யில வேலை பார்க்கிற இன்ஸ்பெக்டர் கோட்டே இவரோட ஹீரோ. மதியத்துக்குள்ள பாதி முடிச்சேன், மிச்சத்தை ராத்திரி வத்தலக்குண்டு வந்து முடிச்சேன். முடிச்சதும் வந்த ஃபீலிங்கைத்தான் தலைப்பா வச்சிருக்கேன். ஏன் அப்படி ஆச்சுன்னு யோசிச்சு யோசிச்சு கடைசியில இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதாப் போச்சு.

முதல்ல கீட்டிங் பற்றிக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா ஆள் சுவாரசியமானவர். அவருடைய ஆரம்பகால நாவல்கள் ரொம்பவும் பிரிட்டிஷ்தனமா இருக்குன்னு அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை. அதனால கதையை வேற நாட்டுல வைக்கலாம்னு முடிவு பண்ணி இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். 1964-ல் 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' வந்தது. பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர்கள் சங்கம் அந்த வருஷத்தின் சிறந்த நாவலுக்குத் தர்ற தங்கக் கத்தி விருது அதற்குத்தான் கிடைத்தது. இதுல என்ன விஷயம்னா, அப்போ அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்தது கிடையாது. வரைபடம், புத்தகம், பத்திரிகை வச்சே பம்பாயைக் கட்டினார். ஏறக்குறைய பத்து வருஷம் கழிச்சுத்தான் நேரில் வந்து பார்த்தார். அந்த முதல் நாவல் பின்னாடி சினிமாவாவும் வந்தது, கோட்டேவா நடிச்சவர் நசீருதீன் ஷா.

ஊட்டி நாவல் வரும்போது கீட்டிங் இந்தியாவைப் பார்த்து முடித்தவர். கதை இதுதான்: ஊட்டி கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேஜை மேல ஒரு பிணம். செத்தவன் பேர் பிச்சு, அந்த அறையில் ஆட்டத்துக்கு ஸ்கோர் குறிக்கிற வேலைக்காரன். கிளப்பில் தங்கியிருக்கிற ஒரு ரிட்டயர்ட் தூதர், பழைய இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களைப் படிச்சுப் படிச்சு ஊறிப்போனவர். இந்தக் கொலையை ஒரு 'மகா துப்பறிவாளர்' வந்துதான் கண்டுபிடிக்கணும்னு அவருக்கு ஆசை. அந்த மகா துப்பறிவாளர் நம்ம கோட்டேதான்னு அவரே முடிவு பண்ணி, அவரை பம்பாயிலிருந்து வரவழைக்கிறார். சந்தேகப்படும்படி கிளப்பிலேயே ஒரு சின்னக் கூட்டம் இருக்கு. யார் செஞ்சதுன்னு நான் சொல்லப் போறதில்லை, பயப்படாதீங்க.

அந்தக் கிளப் நிஜமாவே இருக்கிற இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கினது. ஸ்னூக்கர்ங்கிற ஆட்டத்தின் விதிகளை 1882-ல் எழுதி மாட்டினது அங்கதான்னு சொல்லுவாங்க. ஆட்டம் அதுக்கு முன்னாடியே ஜபல்பூரில் ஒரு ராணுவ மெஸ்ஸில் பிறந்துவிட்டது, ஆனா சட்டம் போட்டது ஊட்டி. உலக சாம்பியன்ஷிப்பை டிவியில பாக்குறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

இடத்தைச் சொல்வதில் கீட்டிங்கைக் குறை சொல்லவே முடியாது. சமவெளியிலிருந்து வந்த ஒருத்தனுக்கு மலைக்குளிர் தர்ற சங்கடம், வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷம் ஆகியும் அவனோட வழக்கங்களை அப்படியே பிடிச்சுட்டிருக்கிற கிளப், தனக்குச் சம்பந்தமே இல்லாத உலகத்துல கோட்டே கூச்சப்பட்டு நிக்கிறது, எல்லாமே நல்லா வந்திருக்கு. கொடைக்கானல் ஏரியில பனி இறங்க இறங்கப் படிச்சதுல எனக்கு இன்னும் எடுபட்டது. பக்கத்து பெஞ்சில் சூடா சோளம் தின்னுட்டிருந்த ஃபேமிலியைத் தவிர, மத்ததெல்லாம் நாவல் மாதிரியே இருந்தது.

அப்புறம் எங்க சறுக்குச்சு?

துப்பறியும் கதைன்னு பொதுவா சொல்றோமே, அதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு மேதை கதை. ஹோம்ஸ், பாய்ரோ மாதிரி ஒருத்தர் வருவார், மத்தவங்க கண்ணில் படாததைப் பார்ப்பார், கடைசியில் எல்லாரையும் ஒரு ரூம்ல உட்கார வச்சு அவிழ்ப்பார். இன்னொண்ணு போலீஸ் கதை. அதுல ஹீரோ சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். மேலதிகாரி திட்டுவார், ரிப்போர்ட் எழுதணும், சாட்சி பொய் சொல்லுவான், வீட்டுக்குப் போனா அங்கே ஒரு பிரச்சினை. கண்டுபிடிக்கிறது மேதாவித்தனத்தால் இல்லை, விடாம நடந்து நடந்து. கோட்டே இந்த ரெண்டாவது ஜாதி. அதனாலதான் அவரைப் படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும். பயந்த சுபாவம், யார் கத்தினாலும் தடுமாறுவார், ஆனா விடமாட்டார்.

ஊட்டி நாவலில் கீட்டிங் இந்த ரெண்டாவது ஜாதி ஆளைப் பிடிச்சு முதல் ஜாதிக் கதைக்குள்ள தள்ளிவிட்டார். நியாயமா சொல்லணும்னா அது அவர் தெரிஞ்சே பண்ண கிண்டல்தான், பழைய இங்கிலீஷ் மர்ம நாவல்களைப் பார்த்துச் சிரிக்கிறார். முதல் ஐம்பது பக்கம் நானும் சிரிச்சேன். ஆனா கிண்டல் நீள நீள, கொலையே ஒரு சாக்கா மாறிடுது. பிச்சு யாரு, எங்க குடியிருந்தான், அவன் போனதுல யாருக்கு வலிச்சதுன்னு எனக்குக் கடைசி வரை உறைக்கவே இல்லை. கிளப்பின் வேலைக்காரர் பக்கத்திலிருந்து கதைக்குள் முக்கியமா வர்ற ஆள் அவன்தான், அவனும் ஆரம்பத்துலயே பிணம். மீதிக் கதை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷங்களைச் சுத்தி நடக்குது. கிளப் காம்பவுண்டைத் தாண்டினா ஒரு ஊட்டி இருக்கே. மார்க்கெட், எஸ்டேட் ஆளுங்க, படகர் ஊர், தோடர் மந்து. அந்த ஊட்டிக்கு இந்தக் கொலையோட ஒட்டு உறவே இல்லாத மாதிரி எனக்குப் பட்டது.

இதைச் சோதிச்சுப் பார்க்க நான் ஒரு டெஸ்ட் வச்சிருக்கேன். சிவில் டிபார்ட்மெண்ட் நண்பன் ஒருத்தன்கிட்ட சுட்டது. ஒரு கட்டடத்துல ரெண்டு வகைச் சுவர் உண்டு: பாரம் தாங்குற சுவர், சும்மா மறைப்புக்கு எழுப்பின சுவர். எது எதுன்னு தெரியணும்னா, அதை எடுத்தா கூரை நிக்குமான்னு யோசிக்கணும். (யோசிக்க மட்டும்தான், சுத்தியல் எடுத்துடாதீங்க.) கதையிலும் அதே மாதிரி ஊரை உருவிப் பாருங்க. ஊட்டி கிளப்பை எடுத்துட்டு சிம்லா கிளப்பை வச்சா இந்த நாவல் நிக்குமா? நிக்கும். பேரை மாத்தினா போதும். அப்போ ஊட்டி அங்க பாரம் தாங்கல, பெயிண்டாத்தான் இருக்கு. நல்ல பெயிண்ட்தான், ஆனா பெயிண்ட்.

இப்போ 1902-ல புத்தகமா வந்த 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' எடுத்துக்குங்க. டார்ட்மூர்ங்கிற பொட்டல் மேட்டு நிலம், நடுவுல ஆளை விழுங்குற சதுப்பு. வில்லன் நாயை ஒளிச்சு வைக்கிறது அந்தச் சதுப்புக்கு நடுவுலதான், ஏன்னா அங்க போற வழி ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. நூத்தி இருபது வருஷப் பழைய கதை, இதை ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. இதைத் தூக்கித் தஞ்சாவூர் வயல்வெளியில் வைங்க பார்ப்போம். கதை அங்கேயே படுத்துடும்.

ஆன் கிளீவ்ஸ் 2006-ல எழுதின 'ரேவன் பிளாக்' ஷெட்லாண்ட் தீவுகளில் நடக்குது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முன்னாடி எப்பவோ ஒரு சின்னப் பொண்ணு காணாமப் போனதுக்கு ஊர் சந்தேகப்பட்ட அதே கிழவரைத்தான், இன்னொரு கொலை நடந்ததும் ஊரே பார்க்குது. தீவுங்கிறதாலதான் அந்தச் சந்தேகம் கரையாம அப்படியே தங்கியிருக்கு. லண்டனா இருந்தா பக்கத்து வீட்டுக்காரன் பேரே மறந்து போயிருக்கும். தமிழ்ல கேட்டா சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. நாட்டுப்பாடல் சேகரிக்க கிராமத்துக்கு வர்ற ஒருத்தன், ஒரு பழைய ஜமீன் வீடு, அங்க நடக்கிற மர்மம். அந்தக் கிராமத்தை எடுத்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது.

'அப்போ ஊருக்கு நேரில் போய் வாழ்ந்தாத்தான் எழுத முடியும்னு சொல்ல வர்றியா'ன்னு ரூம்மேட் கேட்டான். இல்லை. கீட்டிங் இந்தியாவையே பார்க்காம எழுதின நாவலுக்குத்தானே விருது கிடைச்சது. அதைவிட நல்ல உதாரணம் 2024-ல நாம எல்லாரும் பார்த்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. குணா குகைக்குள்ள நடக்கிற அந்தக் காட்சிகளில் பெரும்பகுதி கேரளாவில் போட்ட செட்டில் எடுத்தது. ஆனா அந்தப் படத்துல குகை பாரம் தாங்குது. மரவேரும் இலையும் மூடின பிளவு, எவ்வளவு ஆழம்னு தெரியாத இருட்டு, மழைத்தண்ணி உள்ள இறங்குறது, அந்தக் குழியில விழுந்தவன் திரும்ப மாட்டான்னு உள்ளூர்ல ஊறின பயம், அந்த பயத்தால போலீஸே கை கட்டி நிக்கிறது. 2006-ல நிஜமா நடந்த விபத்து அது. கூட வந்த நண்பனே கயிறு கட்டி இறங்கித் தூக்கினான். குகையை எடுத்துட்டா படமே இல்லை. செட்டா நிஜமாங்கிறது ரெண்டாவது கேள்விதான்.

இங்க வந்ததும் எனக்கு வேற ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சது. ஊட்டி நாவலை ஏரிக்கரையில உட்கார்ந்து இவ்வளவு குறை சொல்றேனே, எனக்கு எதிர்ல இருக்கிற மலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ் மீடியம். டார்ட்மூர் சதுப்பு, ஆக்ஸ்ஃபோர்டு சந்து எல்லாம் கண்ணை மூடினா தெரியும். வருஷா வருஷம் அம்மாச்சி வீட்டு மொட்டைமாடியில நின்னு பார்த்த பழனி மலையில பாரம் தாங்குற சுவர் எதுன்னு கேட்டா, பேந்தப் பேந்த முழிப்பேன். சரி, கொடைக்கானலுக்கு ஒரு போலீஸ் கதை எழுதினா என்ன வேணும்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சேன். லிஸ்ட் போகப் போக என் மூஞ்சிதான் மாறிச்சு.

முதல்ல ரோடு. கொடைக்கானலுக்கு வண்டி ஏறும் வழி வத்தலக்குண்டு பக்கம் ஒண்ணு, பழனி பக்கம் ஒண்ணு, பெரியகுளத்துல இருந்து அடுக்கம் வழியா ஒண்ணு. மூணும் பெருமாள்மலை பக்கம்தான் வந்து சேருது. பேரிஜம் வழியா மூணாறுக்குப் போன பழைய ரோடு மூடிக் கிடக்கு. ஆக, ஊரை விட்டு வண்டியில ஓடுறவன் பெருமாள்மலையைத் தாண்டியே ஆகணும். இதுக்கு மேல, 2024 மே 7-லிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ். எந்த வண்டி, எந்தத் தேதி, எங்க தங்கல், எல்லாம் பதிவாயிடும். ஏழாயிரம் அடி உயரத்துல அரசாங்கமே கட்டிக் கொடுத்த பூட்டின அறை இது. அகதா கிறிஸ்டி இருந்தா கண்ணீர் விட்டிருப்பார்.

அடுத்தது சூரிய ஆய்வகம். 1899-ல் தொடங்கினது. ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சது இங்கதான், இன்னிக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேர். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துலயிருந்து, மேகம் இல்லாத நாளெல்லாம் அங்க சூரியனைப் படம் எடுத்துட்டு வர்றாங்க. இப்ப யோசிங்க. சாட்சி, 'அன்னைக்குக் காலையில ஒரே பனி சார், பத்தடி தள்ளி ஆள் தெரியல'ன்னு சொல்றான். ஆய்வகத்துல அதே காலையில எடுத்த சூரியன் படம் இருக்கு. மாட்டினான்! அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, ஆய்வகம் ஏரியை விட உயரத்துல இருக்கு. கீழ பனி மூடியிருக்கும்போது மேல வெயில் அடிக்கலாம். சாட்சி தப்பிச்சான். இதைவிட நல்ல திருப்பம் எனக்கு எந்த கிளப் வராந்தாவிலும் கிடைக்கல.

மூணாவதை யோசிச்சப்போ விளையாட்டு நின்னு போச்சு. கொடைக்கானல்ல நிஜமாவே ஒரு மர்மம் இருந்தது, அதுல மலையேதான் கருவி. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி. பின்னாடி இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. தயாரிச்ச தெர்மாமீட்டர் ஏற்றுமதிக்கு. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து வெளியில் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஃபேக்டரி மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பப் போச்சு. முன்னாள் தொழிலாளர்கள் தங்களுக்கு வந்த நோய்களைச் சொல்லி கோர்ட் படியேறினார்கள். வேலையால் யாருக்கும் பாதிப்பில்லைன்னு கம்பெனி தொடர்ந்து சொன்னது. 2016-ல் 591 பேருக்கு உதவித்தொகை தர்றதா ஒப்பந்தம் ஆச்சு. மண்ணைச் சுத்தம் செய்வதை எந்த அளவுக்குச் செய்யணும்ங்கிற சண்டை அதுக்கு அப்புறமும் ஓடுச்சு.

இதுல கெமிஸ்ட்ரி லேபில் நாம படிச்சதுதான் முக்கியம். பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது. ஃபேக்டரி நிக்கிறது மேட்டுல. அதுக்குக் கீழ பாம்பார் சோலைக்காடு. அந்தத் தண்ணிதான் கீழ கும்பக்கரை அருவியா விழுது, நாம போய்க் குளிக்கிற அதே கும்பக்கரை. பனியும் சரிவும் ஓடையும் இல்லாத ஒரு தட்டைப் பூமியில இதே ஃபேக்டரி இருந்திருந்தா கதை வேற. ஆயுதம் ஆவியாகிப் போற கொலைக்கதை கேள்விப்பட்டிருக்கோம், ஐஸ் கத்தி, அது இதுன்னு. இங்க துப்பறிஞ்சது எந்த மேதையும் இல்லை. பழைய சாமான் கடையைக் கவனிச்ச ஆளுங்க, மண்ணையும் பாசியையும் எடுத்து அளந்து பார்த்தவங்க, பதினஞ்சு வருஷம் ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்ச தொழிலாளிகள். போலீஸ் கதைன்னா இப்படித்தான் நடந்து நடந்து கண்டுபிடிக்கணும்னு மேல சொன்னேனே, அது இதுதான். கீட்டிங் நாவல்ல நான் தேடி ஏமாந்ததும் இதைத்தான்.

கீட்டிங்கைப் படிக்கலாமான்னு கேட்டா, படிங்க. முதல்ல 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' எடுங்க, கோட்டே மேல ஒரு பாசம் வந்துடும். அந்தப் பாசத்தோட ஊட்டிக்குப் போனா ஏமாற்றம் கொஞ்சம் குறையும்.

நான் என் கொடைக்கானல் கதையை எழுத ஆரம்பிச்சு மூணாவது அத்தியாயத்துல மாட்டிக்கிட்டேன். கொலைகாரன் பெருமாள்மலை செக்போஸ்ட்டைத் தாண்டாம எப்படிக் கீழ இறங்குவான்? போன வாரம் போன்ல அம்மாச்சிகிட்ட சும்மா கேட்டு வச்சேன். யோசிக்கவே இல்லை.

"அதான் வெள்ளகவி வழி இருக்கே சாமி. அந்தக் காலத்துல ரோடு ஏது? பெரியகுளத்துல இருந்து நடந்துதான் ஏறுவாக. வெள்ளைக்காரனைக்கூட நாற்காலியில வச்சு ஆளுக தூக்கிட்டுப் போவாகளாம்."

உண்மைதான். 1910-களில் காட் ரோடு வர்றதுக்கு முன்னாடி அதுதான் வழி. வட்டக்கானல்லேர்ந்து இறங்கினா நடுவுல வெள்ளகவி, ரொம்ப காலமா நடந்து மட்டுமே போய்ட்டிருந்த ஊர். அங்கேயிருந்து இறங்கினா கும்பக்கரை. இ-பாஸும் கிடையாது, செக்போஸ்ட்டும் கிடையாது. என் கொலைகாரன் ராத்திரியோட ராத்திரியா இறங்கிடுவான்னு சந்தோஷமா சொன்னேன்.

"இறங்குவான். ஊருக்குள்ள செருப்பு போட்டு நடப்பானா?"

வெள்ளகவியில் எங்க பார்த்தாலும் கோயில். அதனால ஊருக்குள்ள யாரும் செருப்பு போடுறதில்லை, வர்றவங்களும் எல்லையிலேயே கழட்டிடணும். எனக்கு இது தெரியாது. என் கொலைகாரனுக்கும் தெரியாது, அவன் சென்னையிலேர்ந்து ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுட்டு வந்தவன்.

"அப்புறம் என்ன, விடியுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்ல"ன்னு சொல்லிட்டு அம்மாச்சி, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு போனை வச்சிருச்சு.